குமுளி ஆயில் கடையும் மூன்று கிரேடுகளும்: மலையேறும் கார் ஒன்றின் அனுபவ மதிப்புரை

கம்பம் பள்ளத்தாக்கில் கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால், ஏலக்காய் விலையையும் மழையையும் பேசி முடித்த பிறகு பேச்சு பெரும்பாலும் என்ஜின் ஆயிலில் வந்து நிற்கும். மலையேறும் வண்டிக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்ற கேள்விக்கு இங்கே ஆளுக்கொரு பதில் உண்டு. நான் 2016-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் இன்றைக்கு ஒரு லட்சம் கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. அந்த ஒரே என்ஜினில் மூன்று வேறு பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, கொண்ட ஆயில்களை, கொஞ்சம் அறியாமையாலும் பிறகு அறிந்துகொண்டும், ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 2021 முதல் ஆயில் மாற்றுவது குமுளியில் உள்ள ஒரு சிறிய கடையில்தான். அந்தக் கடையையும் அந்த ஆயில்களையும் தனித்தனியாகப் பிரித்து எழுத முடியாது என்பதால், இந்த மதிப்புரை இரண்டுக்கும் சேர்த்தே.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆயிலைப் பற்றிய பேச்சில் பாதி பாதையைப் பற்றியதுதான். கம்பம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குமுளி ஏறத்தாழ 900 மீட்டர். கூடலூரைக் கடந்து லோயர் கேம்ப் வரை சாலை சமவெளியில் செல்கிறது. மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ராட்சதக் குழாய்கள் மலைச்சரிவில் இறங்குவது கண்ணில் படும் இடத்திலிருந்து ஏற்றம் தொடங்கிவிடும். அதன் பிறகு கேரள எல்லை வரை இரண்டாவது, மூன்றாவது கியர்தான். நான் வாரத்தில் இரண்டு முறை இந்த ஏற்றத்தில் ஏறி, வண்டன்மேடு பக்கம் உள்ள சிறிய ஏலத்தோட்டத்துக்குப் போய்த் திரும்புகிறேன். போகும்போது உரமூட்டையும் ஆட்களும், அறுவடைக் காலத்தில் திரும்பும்போது காய் மூட்டையும் இருக்கும். வெயில் கொளுத்தும் கம்பத்தில் புறப்பட்டு, சாரல் அடிக்கும் மேட்டில் இரவு தங்கி, குளிர்ந்த என்ஜினைக் காலையில் கிளப்பி மீண்டும் கீழே இறங்குவதே என் காரின் வாழ்க்கை.

உத்தரவாதக் காலம் முடியும்வரை நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் விட்டு வந்தேன்; என்ன ஆயில் ஊற்றுகிறார்கள் என்று கேட்டதும் இல்லை, பில்லைப் படித்ததும் இல்லை. 2020-இல், செலவு குறையும் என்று வேறொரு பணிமனையில் விட்டேன். அங்கிருந்த மேஸ்திரி, "மலைக்குப் போற வண்டிண்ணே, லேசான ஆயில் ஊத்துனா என்ஜின் தாங்காது" என்று சொல்லி, பீப்பாயிலிருந்து அளந்து 20டபிள்யூ-50 ஊற்றினார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அம்பாசடர் காலத்து என்ஜின்களில் கை பழகிய ஒரு தலைமுறைக்கு, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில்களே ஆயில், மற்றவை தண்ணீர். ஆனால் என் கார் அந்தக் காலத்து என்ஜின் அல்ல என்பதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மாற்றிய இரண்டாவது வாரமே வேறுபாடு காதில் விழுந்தது. தோட்டத்து ஷெட்டில் இரவு நின்ற காரைக் காலையில் கிளப்பினால், முதல் இரண்டு மூன்று விநாடிகள் என்ஜினின் ஓரத்திலிருந்து கரகரவென்று ஒரு சங்கிலிச் சத்தம் வந்து அடங்கும். வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட உதவும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்வது. கெட்டியான ஆயில் குளிரில் அந்த இடத்துக்கு வந்து சேரத் தாமதமாவதால் எழும் சத்தம் அது என்பது பின்னால்தான் புரிந்தது. வண்டி சூடேறும் வரை ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் ஒரு மந்தம் இருந்தது. டேங்கை முழுதாக நிரப்பி, மீண்டும் முழுதாக நிரப்பும் வரை ஓடிய தூரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தக் கணக்கில் லிட்டருக்கு 17 கிலோமீட்டரை ஒட்டி வந்துகொண்டிருந்த மைலேஜ் 16-ஐ ஒட்டி இறங்கியது. பாதையும் சுமையும் மாறவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல், இரண்டு ஆயில் மாற்றங்கள் அப்படியே ஓடின. அந்த ஒரு வருடம் என் என்ஜினின் பேரிங்குகளும் செயினும் என்ன தேய்ந்தன என்பதைப் பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

குமுளிக் கடைக்கு நான் போனது ஒரு ஜீப் ஓட்டுநர் சொல்லித்தான். எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், பக்கவாட்டுச் சந்தில், இரண்டு வண்டிகள் நிற்கக்கூடிய குழி, சுவர் முழுக்கக் கேன்கள், ஒரு மர மேசை: அவ்வளவுதான் கடை. நடத்துபவரின் பூர்வீகம் உத்தமபாளையம். வருகிறவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதைப் பார்த்துத் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிப் பேசுகிறார். நான் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன ஆயில் வேண்டும் என்பது அல்ல. "அண்ணே, வண்டியோட புக்கு இருக்கா?" என்றார். ஐந்து வருடமாக டேஷ்போர்டுக்குள் பிளாஸ்டிக் உறையோடு கிடந்த கையேட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டி, வெப்பநிலைப் பட்டைகள் போட்டிருந்த ஒரு பக்கத்தைக் காட்டினார். முதல் பரிந்துரை 5டபிள்யூ-30. மாற்றாக, வெப்பமான இடங்களுக்கு 40-இல் முடியும் கிரேடு வரை அனுமதி இருந்தது. 50 அந்தப் பக்கத்திலேயே இல்லை.

எனக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு லேசான ஆயில் மலையேற்றத்தில் நிற்குமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், மேசை இழுப்பறையிலிருந்து சாண் நீளமுள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்தார். ஒன்றில் 5டபிள்யூ-30, மற்றதில் 20டபிள்யூ-50; இரண்டிலும் நுனியில் சிறிது காற்று விட்டுத் தக்கையால் அடைத்திருந்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். காலை எட்டரை மணி, குமுளியின் குளிர் இன்னும் விலகாத நேரம். முதல் குழாயில் காற்றுக் குமிழி ஐந்து எண்ணுவதற்குள் மேலே போய்விட்டது. இரண்டாவதில் அது தேனில் ஏறுவது போல நெளிந்து நெளிந்து, பதினைந்து எண்ணிய பிறகுதான் மேலே தொட்டது. பிறகு பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு நீளமான பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி, இரண்டு குழாய்களையும் அதில் நிறுத்தினார். சில நிமிடங்கள் கழித்துத் துணியால் பிடித்துத் திருப்பியபோது, இரண்டு குமிழிகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே மேலே பாய்ந்தன. "சூடான பிறகு ரெண்டும் ஓடும்ணே. காலையில கிளப்புற நேரந்தான் வித்தியாசம்" என்றார்.

அந்தச் சோதனை உண்மையின் பாதியை மிக அழகாகக் காட்டுகிறது, மறுபாதியைக் காட்டுவதில்லை. சூட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத அந்த மீதி வித்தியாசத்தில்தான் பேரிங்கின் பாதுகாப்பு இருக்கிறது. ஆகவே கேனில் அச்சிட்டிருக்கும் எண்களின் பொருளை விளக்காமல் மேலே போக முடியாது.

5டபிள்யூ-30 என்பதில் உள்ள டபிள்யூ, குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து; எடையை அல்ல. எண்களும் வெப்பநிலை டிகிரிகள் அல்ல. 30 என்றால் 30 டிகிரி வரை தாங்கும், 50 என்றால் 50 டிகிரி வரை தாங்கும் என்று நம் பக்கத்தில் பலரும் உறுதியாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது தவறு. இவை எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் ஜே300 என்ற தர அட்டவணையில் உள்ள வகுப்புகளின் பெயர்கள். பின்னால் வரும் எண், 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுத்தன்மை எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதைச் சொல்கிறது: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுத்தன்மையை அளக்கும் அலகு; எண் கூடினால் கெட்டி கூடும்), 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள். முன்னால் வரும் எண், கடும் குளிரில் என்ஜினைச் சுழற்றும்போது ஆயில் எவ்வளவு இறுகாமல் இருக்கிறது என்பதற்கான சோதனை. 5டபிள்யூ வகைக்கு அந்தச் சோதனை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியில் நடக்கிறது. 20டபிள்யூ வகைக்கு உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியில்.

இதைப் படிக்கும் கம்பத்துக்காரருக்கு ஒரு நியாயமான கேள்வி எழும். நம் பகுதியில் மிகக் குளிரான மூணாறிலேயே ஜனவரி விடியலில் வெப்பநிலை உறைநிலையைத் தொடும், மிஞ்சினால் சில டிகிரி கீழே போகும், அவ்வளவுதான். அப்படியிருக்க, கீழே 30 டிகிரிக்கான ஆயில் நமக்கு எதற்கு? 20டபிள்யூ ஊற்றினாலும் வண்டி கிளம்பாமல் நின்றுவிடாது என்பது உண்மைதான். ஆனால் கிளம்புவது வேறு, கிளம்பிய முதல் சில விநாடிகளில் தலைப்பகுதியில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் வரைக்கும் ஆயில் போய்ச் சேருவது வேறு. 40 டிகிரியில், அதாவது கம்பத்து மே மாத மதிய வெயிலில் நிற்கும் வண்டியின் சூட்டில்கூட, வழக்கமான 5டபிள்யூ-30 ஆயிலின் பாகுத்தன்மை 60, 70 சென்டிஸ்டோக் அளவில் இருக்கும். 20டபிள்யூ-50-க்கு அது 150-ஐத் தாண்டும். என்ஜின் தனக்குத் தேவை என்று கேட்பது 10-ஐ ஒட்டிய அளவை. ஆக, நம் ஊர் வெயிலிலும் நின்றுபோன என்ஜினுக்கு ஆயில் எப்போதும் தேவைக்கு மேல் கெட்டியாகத்தான் இருக்கிறது. லேசாகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்த்தால் போதும்.

வெயிலுக்குக் கெட்டி ஆயில் என்ற வாதம் எங்கே தடுமாறுகிறது என்றால், என்ஜினுக்குள் வெயில் போவதில்லை. தெர்மோஸ்டாட் என்ற வால்வு, கம்பத்தில் இருந்தாலும் கொடைக்கானலில் இருந்தாலும் குளிர்விக்கும் நீரை ஏறத்தாழ 90 டிகிரியிலேயே பிடித்து வைக்கிறது. ஆயிலும் அதை ஒட்டியோ சற்று மேலோ நிற்கிறது. வெளியே 38 டிகிரி என்பதும் 18 டிகிரி என்பதும் ரேடியேட்டர் மின்விசிறி எத்தனை முறை ஓடுகிறது என்பதில் தெரியுமே தவிர, ஆயிலின் சூட்டில் பெரிய அளவில் தெரியாது. ஆயிலை உண்மையில் சூடாக்குவது சுமை. மூட்டையும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில், காற்று வேகமில்லாமல், அரை மணி நேரம் முக்கி ஏறும்போதுதான் ஆயில் 100 டிகிரியைக் கடந்து மேலே போகிறது. எனவே "மலையேறும் வண்டி" என்று அந்த மேஸ்திரி சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்தது. அந்த உண்மைக்கு அவர் எடுத்த மருந்தின் அளவுதான் தவறு.

2021-இல் குமுளிக் கடையில் 5டபிள்யூ-30 முழுச் செயற்கை ஆயிலுக்கு மாறினேன். மறுநாள் காலையிலேயே சங்கிலிச் சத்தம் பெரும்பாலும் போய்விட்டது. மழைக்காலத்து விடியலில் எப்போதாவது ஒரு விநாடி கேட்கும், அதுவும் அடுத்த மாற்றத்துக்குப் பிறகு இல்லை. மைலேஜ் பழைய 17-க்கு வந்தது. பிக்கப்பைப் பற்றி நான் மிகைப்படுத்த விரும்பவில்லை: சூடேறிய பிறகு ஓட்டினால் இரண்டு ஆயில்களுக்கும் கையில் தெரியும் வித்தியாசம் சொற்பம். வித்தியாசமெல்லாம் முதல் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து புற்றடி வரை மட்டும் போய்த் திரும்பும் நாட்களில் என் காரின் மொத்த ஓட்டமே அந்த ஐந்து கிலோமீட்டர்தான் என்பதால் எனக்கு அது பெரிய விஷயம்.

இரண்டு ஆண்டுகள் அப்படி ஓட்டிய பிறகு, அறுவடைக் காலத்தில் வாரத்துக்கு நான்கு நாள் மூட்டையோடு ஏறி இறங்க வேண்டி வந்தது. அப்போது கடைக்காரரே, கையேட்டில் அனுமதி இருப்பதால் 5டபிள்யூ-40 போட்டுப் பார்க்கலாம் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணத்தைப் பின்னர் நான் படித்தும் உறுதி செய்துகொண்டேன். 100 டிகிரி அளவு மட்டும் போதாது. 150 டிகிரியில், பேரிங்குக்குள் இருப்பதைப் போன்ற கடும் உராய்வு வேகத்தில் ஆயிலை இழுத்து அளக்கும் இன்னொரு சோதனையும் ஜே300-இல் இருக்கிறது. அதில் 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5 மில்லிபாஸ்கல் விநாடி (இதுவும் பாகுத்தன்மையின் ஒரு அலகு) வேண்டும். சுமையோடு ஏறும்போது கிராங்க் ஷாஃப்டையும் பேரிங்கையும் உலோகம் உலோகத்தைத் தொடாமல் பிரித்து நிறுத்தும் படலத்தின் தடிமன் இந்த எண்ணோடுதான் நெருங்கிய தொடர்புடையது. முன்னெண் 5 என்றே இருப்பதால் காலைக் கிளப்பலில் நாம் எதையும் பெரிதாக இழப்பதில்லை. பின்னெண் ஒரு படி ஏறுவதால் ஏற்றத்தில் கொஞ்சம் இருப்புக் கிடைக்கிறது.

5டபிள்யூ-40-இல் 8,000 கிலோமீட்டர் ஓட்டினேன். காலைச் சத்தம் இல்லை. மைலேஜ் 16.8 என்ற அளவில் இருந்தது; சுமை அதிகமாக இருந்த காலம் என்பதால் அந்தச் சிறு இறக்கத்தை ஆயிலின் மேல் மட்டும் போட முடியாது. கவனிக்கத்தக்க ஒரே வேறுபாடு, ஆயில் குச்சியில் தெரிந்தது. 5டபிள்யூ-30-இல் ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையில் இரண்டு குறிகளுக்கிடையே கால் பங்கு இறங்கியிருக்கும். 40-இல் அதில் பாதிதான் இறங்கியது. வயதேறிய என்ஜினுக்கு அது சின்ன ஆறுதல். இப்போது அறுவடைக் காலத்துக்கு முந்தைய மாற்றத்தில் 5டபிள்யூ-40, மற்ற நேரத்தில் 5டபிள்யூ-30 என்று வைத்திருக்கிறேன்.

ஆயில் குறைவதைப் பற்றிச் சொல்லும்போது இறக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏற்றத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. குமுளியிலிருந்து கீழே வரும்போது, பிரேக்கைக் காப்பாற்ற ஆக்சிலரேட்டரை விட்டுத் தாழ்ந்த கியரில் இறங்குகிறோம். அப்போது பெட்ரோல் என்ஜினின் உள்ளிழுப்புப் பக்கத்தில் வெற்றிடம் பலமாக உருவாகி, தேய்ந்த வால்வு சீல்கள் வழியாகவும் பிஸ்டன் ரிங்குகள் வழியாகவும் ஆயிலைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். லோயர் கேம்ப் வந்ததும் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம். தேங்கிய ஆயில் எரிந்து, பின்னால் நீலப் புகை ஒரு கொத்தாகக் கிளம்பும். லோயர் கேம்ப் டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இப்படி இரண்டு மூன்று வண்டிகளைப் பார்க்கலாம். கெட்டி ஆயில் ஊற்றினால் இந்தப் புகை குறையும் என்பது உண்மை. ஆனால் அது சீலையோ ரிங்கையோ சரிசெய்வதில்லை. வைத்தியம் தள்ளிப்போகிறது, அவ்வளவே. குமுளிக் கடைக்காரர் இதை வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிடுகிறார். ஒரு முறை என் கண் முன்னாலேயே, பழைய மாருதி ஒன்றுக்கு 20டபிள்யூ-50 கேட்டு வந்தவரிடம், "சேட்டா, முதல்ல வால்வு சீல் பாருங்க" என்று சொல்லி விற்காமல் அனுப்பினார். கையில் வந்த வியாபாரத்தை அப்படி விடுவதற்கு மனம் வேண்டும்.

அதே நேரத்தில் கெட்டி ஆயிலே கூடாது என்று அவர் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. என் மச்சான், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் தோட்டத்துக்குத் தொழிலாளப் பெண்களை ஏற்றிச்செல்லும் பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறார். இடைவெளிகள் பெரிதாக இருக்கும் பழைய வடிவமைப்பு, நாள் முழுக்கச் சுமை, விடியலில் ஒருமுறை கிளப்பினால் இரவுதான் முழுதாக ஆறும் என்ஜின். அதற்கு 15டபிள்யூ-40 டீசல் ஆயில்தான் பொருத்தம், அதன் கையேடும் அதைத்தான் சொல்கிறது. மேலே சொன்ன 150 டிகிரிச் சோதனையில் 15டபிள்யூ-40-க்குக் குறைந்தபட்சம் 3.7 வேண்டும் என்பதைப் பார்த்தால், கனரக டீசல்களுக்கு அது ஏன் இத்தனை காலமாக நிலைத்திருக்கிறது என்பது விளங்கும். என்ஜின் எந்த இடைவெளியில் கட்டப்பட்டதோ, அந்த இடைவெளிக்கு ஏற்ற படலம்; மச்சானின் ஜீப்புக்கும் என் காருக்கும் ஒரே பீப்பாயிலிருந்து ஊற்றுவதுதான் பிழை.

மறுபக்கத்தில், இப்போது வரும் புதிய பெட்ரோல் கார்களிலும் ஹைபிரிட்களிலும் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று கையேட்டில் பார்த்துப் பலர் மிரளுகிறார்கள். 16 என்ற கிரேடு ஜே300 அட்டவணையில் சேர்க்கப்பட்டதே 2013-இல்தான்; அந்த என்ஜின்களின் ஆயில் பம்ப், பேரிங், வால்வுகளின் நேரத்தை மாற்றும் அமைப்பு எல்லாம் அந்த லேசான ஆயிலை வைத்தே வடிவமைக்கப்பட்டவை. நம் ஊருக்கு ஒத்துவராது என்று சொல்லி அதில் 20டபிள்யூ-50 ஊற்றுவது, நான் 2020-இல் செய்த பிழையைவிடப் பெரிய பிழையாக இருக்கும். கையேடு அடுத்த படிக்கு அனுமதி தந்தால் அந்தப் படி வரை போகலாம். தராவிட்டால் எழுதியிருப்பதையே ஊற்றுங்கள்.

பாகுத்தன்மை சரியாக இருந்து தரக் குறியீடு தவறினாலும் கேடுதான். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது; சாதாரண டீசல் ஆயிலில் உள்ள உலோகச் சேர்மானங்கள் எரிந்து விட்டுச்செல்லும் சாம்பல் அந்த வடிகட்டியை நாளடைவில் அடைத்துவிடும். அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும்; கேனில் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கம்) சி3 போன்ற குறியீடு கையேட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டப்பனையிலிருந்து வந்த ஒருவரின் புது டீசல் வண்டிக்குத் தேவையான ஆயில் இருப்பில் இல்லை என்றபோது, அதே எண் கொண்ட வேறு கேனை எடுத்துக் கொடுக்காமல், இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார் கடைக்காரர். பெட்ரோல் கார்களுக்கு, ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் எஸ்பி என்ற தரம் 2020 மே மாதத்தில் வந்தது. டைமிங் செயின் தேய்மானத்துக்கான சோதனை அதில் சேர்ந்திருப்பதால், செயின் உள்ள என் காருக்கு அதைத்தான் கேட்டு வாங்குகிறேன். பழைய எஸ்என் தரம் எழுதப்பட்ட கையேட்டுக்கும் எஸ்பி பொருந்தும்.

கடையின் வேலைமுறை எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், எல்லாம் கண் முன்னால் நடக்கிறது. பீப்பாய் ஆயில் அவரிடம் கிடையாது. முத்திரை உடைக்காத கேனை நம் கையில் கொடுத்து, தயாரிப்புத் தேதியையும் கிரேடையும் நாமே படித்த பிறகுதான் திறக்கிறார். வண்டியைச் சற்று ஓடவிட்டு, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது டிரெயின் போல்டைக் கழற்றி, கடைசிச் சொட்டு வரை வடிய விடுகிறார். பழைய வாஷரை எறிந்து புதியது போடுகிறார். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவிக் கையாலேயே இறுக்குகிறார். கையேட்டில் போட்டிருக்கும் அளவை ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துச் சமதரையில் குச்சியைப் பார்க்கிறார். மேல் குறியைத் தாண்ட விடுவதில்லை. காலிக் கேனை நாம் எடுத்துப் போகலாம். வேண்டாம் என்றால் நம் முன்னாலேயே அடியில் ஆணியால் துளை போட்டுவிடுகிறார். காலிக் கேன்கள் போலி ஆயில் நிரப்புகிறவர்கள் கைக்குப் போவதைத் தடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. இதை எல்லாக் கடைகளிலும் நாம் கேட்க வேண்டும்.

குறைகளும் உண்டு. குழி இரண்டுதான் என்பதால் மாலை ஐந்து மணிக்கு மேல் தோட்டத்திலிருந்து ஜீப்புகள் இறங்கும் நேரத்தில் போனால் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். உட்காரச் சரியான இடம் இல்லை. மழைக்காலத்தில் இது தொல்லை. 0டபிள்யூ-16 போன்ற புது கிரேடுகளைப் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லித்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. விலையும் குறைவு என்று சொல்ல மாட்டேன்: சென்ற முறை மூன்றரை லிட்டர் ஆயில், ஃபில்டர், வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 2,450 ரூபாய் ஆயிற்று. அந்தப் பீப்பாய் ஆயிலுக்கு நான் கொடுத்ததைவிட இது அதிகம். ஆனால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் மைலேஜ் குறைந்த அந்த ஒரு வருடத்தின் பெட்ரோல் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தைவிட எரித்த பணமே பெரியதாக இருந்தது.

கடைக்குப் போகிறவர்கள் கையேட்டைத் தவறாமல் எடுத்துப் போங்கள். தொலைந்திருந்தால் வண்டியின் சரியான மாடலையும் ஆண்டையும் எரிபொருளையும் குறித்துக்கொண்டு போனால், நிறுவனத்தின் கையேட்டை அவரே கைபேசியில் தேடி எடுத்துக் காட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு முன்னால் போனால் குழி காலியாக இருக்கும். அந்தக் கண்ணாடிக் குழாய்களைக் கேட்டாலும், குளிர் இருக்கும்போதே காட்டுவார். வேலை முடிந்ததும் பானட்டின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுகிறார்: தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய கிரேடு, தரக் குறியீடு, அடுத்த மாற்றம். கையேடு 10,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும், சுமையோடு மலை ஓடும் வண்டிக்கு 8,000 என்றுதான் எழுதுகிறார். என் காரில் இப்போது இருக்கும் சீட்டின்படி அடுத்த மாற்றம் 1,09,500-இல், அறுவடை தொடங்கும் முன். 5டபிள்யூ-40 என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.